அம்மாவின் போர்வைக்கு மட்டும் குதித்த மெஷின்

“அம்மா, நாளைக்குக் காலையில நான் கிளம்புதேன்” என்றார் சங்கிலி.

செண்பகத்தம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எங்க, அண்ணாச்சி?”

“எங்கயாவது. நான் மடத்துக்கு ஆகமாட்டேன். அந்த வாஷிங் மெஷினே சொல்லிருச்சு.”

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குச் செண்பகத்தம்மாதான் குரு. வயது நாற்பது. சிஷ்யர் சங்கிலிக்கு ஐம்பத்தெட்டு.

சங்கிலி இருபது வருடம் லாரி ஓட்டினார், முப்பது வருடம் குடித்தார். வீட்டில் கைகழுவிவிட்டார்கள். மடத்துக்கு வந்து, குடியை விட்டு, எல்லாருக்கும் துணி துவைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். யாரோ ஒருவர் வீடு மாறும்போது மடத்துக்குத் தள்ளிவிட்டுப்போன பழைய மெஷின் அது.

“மெஷின் என்ன சொல்லிச்சு?”

“மத்தவங்க துணியப் போட்டா தேமேன்னு சுத்துது. உங்க போர்வையைப் போட்டா மட்டும், பிழியுற நேரத்துல பேய் பிடிச்ச மாதிரி குதிக்குது. பிறகு கீ கீன்னு கத்திட்டு நின்னுருது. நாலு வாரமா இதே கதை.”

“என்னன்னு பார்த்தீங்களா?”

“பார்க்காம இருப்பனா? காலுக்கடியில கட்டை வச்சேன். பெல்ட்டை மாத்தினேன். டவுன்ல இருந்து மெக்கானிக் ரெண்டு தடவை வந்தான். மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்கான்.”

“சரி.”

“அப்ப குறை யாருகிட்ட? என் கையிலதான். இந்தக் கை உங்க துணியத் தொடுறது அதுக்கே பொறுக்கலை.”

அவருக்குப் போக இடம் கிடையாது. போக மனமும் கிடையாது.

அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“வாங்க, பார்ப்போம்.”

மெஷின் மூடியைத் திறந்தார். உள்ளே அவருடைய கம்பளிப் போர்வை மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது.

“வேற துணி ஒண்ணும் போடலையா?”

சங்கிலி பதறிப்போனார். “அதெப்படிம்மா? குருவோட துணியக் கண்ட துணியோட போட்டு அலசுறதா? மெஷினுக்கு மஞ்சத்தண்ணி விட்டுக் கழுவிட்டு, இதைத் தனியாத்தான் போடுதேன்.”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஓரத்துக் கூடையில் அழுக்குத் துணி கிடந்தது. சாம்பார்க் கறை படிந்த சமையல்கட்டுத் துண்டை எடுத்து உள்ளே போட்டார். தோட்டக்கார மாசானத்தின் லுங்கியைப் போட்டார்.

“அம்மா, வேண்டாம்.”

அம்மா கையை உள்ளே விட்டுத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னும் ஒரு பக்கம்தான் கனமா இருக்கு. உங்க துணி எங்க?”

“என் துணி இதுல போடுறது கிடையாது. வெளியில கல்லுல அடிச்சுக்கிடுவேன்.”

“ஏன்?”

சங்கிலி தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“தோள்ல கிடக்கிற துண்டைக் குடுங்க.”

அது பழைய துண்டு. எத்தனையோ நாள் சாராயக்கடை வாசலில் அதை விரித்துத்தான் விழுந்து கிடந்திருக்கிறார். அம்மா நீட்டிய கையை மடக்கவே இல்லை. சங்கிலி வெட்கத்தோடு கொடுத்தார்.

அம்மா அதைப் போர்வைக்கு எதிர்ப்பக்கம் வைத்து அழுத்தினார். முதலிலிருந்து ஓடவிட்டுவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டார்.

சங்கிலி மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அலசி முடிந்தது. தண்ணீர் இறங்கியது. பிழியும் நேரம் வந்ததும் இரண்டு கையாலும் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அது சுற்றியது. வேகம் பிடித்தது. குதிக்கவில்லை.

பிடித்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

மெஷின் நின்றதும் மூடியைத் திறந்தார். போர்வையும் லுங்கியும் துண்டுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றை இழுத்தால் எல்லாம் வந்தது. அவருக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு எழுந்து போய், தான் படுக்கும் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து அது மெஷினைக் கண்டதில்லை. உள்ளே போட்டு மூடியை மூடினார்.

“அடுத்தது யாரு துணி, அண்ணாச்சி?” அம்மா உள்ளிருந்தே கேட்டார்.

“என்னோடதும்மா.”

“தனியாவா?”

“ஆமாம்மா.”

“அதுவும் குதிக்கும்.”