எத்தனை வலை?

"பார் செத்துப்போச்சு, கித்தேரி. ஏன்னு சொல்லு."

கடலுக்கடியில் இருக்கிற பவளப் பாறையை அந்த ஊரில் பார் என்பார்கள். மீன் அங்கேதான் அடையும்.

கேட்டவர் செங்கோல். மூன்று படகுக்குச் சொந்தக்காரர். கித்தேரி பாரில் மூழ்கிப் பாசி பறிக்கிறவள். நனைந்த பாசியை மணலில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"வலை வெறுசா வருது தங்கச்சி. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா, படகை வித்துட்டு நான் கேரளாவுக்குக் கூலிக்குப் போகணும். அடியில என்ன நடக்குதுன்னு உனக்குத்தான் தெரியும். உன்னை வாத்தியாரா நினைச்சு வந்திருக்கேன்."

அவள் பாசியைப் புரட்டினாள்.

"உங்ககிட்ட எத்தனை வலை இருக்குண்ணே?"

"ஏழு."

"எண்ணிட்டு வாங்க."

போனார். வந்தார்.

"ஏழுதான்."

"தப்பு."

கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள். "பாசி பறிக்கிறவளுக்கு ஏழு வரைக்கும்கூட எண்ண வராது போலண்ணே!"

செங்கோல் மறுபடியும் போனார். கிழிந்து கிடந்ததையும் சேர்த்து எண்ணினார். ஏழு.

"எனக்கு எண்ணத் தெரியாதுங்கிறியா?"

கித்தேரி தான் மூழ்கும்போது போடுகிற கண்ணாடியை நீட்டினாள்.

"மூச்சைப் பிடிச்சுக்கங்க. வாங்க."

நாற்பது வருஷம் அந்தப் பாருக்கு மேலே படகு ஓட்டியவர். கீழே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இருவரும் மூழ்கினார்கள். பார்மேல் ஒரு வலை போர்த்திக் கிடந்தது. அதில் மீன் முள், நண்டு ஓடு. ஒரு கிளிமீன் அப்போதுதான் மாட்டித் துடித்துக்கொண்டிருந்தது.

கித்தேரி அந்த வலையில் பாசி படிந்திருந்த ஒரு மிதவையைத் தேய்த்தாள். மஞ்சள் பெயிண்ட். நடுவில் சிவப்புச் சிலுவை. செங்கோல் வீட்டு அடையாளம்.

மூன்று வருஷம் முன்னால் பாரில் சிக்கிக்கொண்டது என்று அவரே அறுத்து விட்ட வலை.

மேலே வந்தார். ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார்.

"எட்டு" என்றார்.

பிறகு, "முன்னாலேயே சொல்லக் கூடாதா?"

"இன்னைக்குத்தானே கேட்டீங்க."

அவள் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

நான்கு நாள் ஆனது. பவளம் ஒடியாமல் கண்ணி கண்ணியாக அறுத்தார்கள். முதலில் அந்தக் கிளிமீன் விடுபட்டு நீந்திப் போனது.

கரையில் இழுத்துப் போட்டபோது நாற்றம் தாங்கவில்லை. ஊரே கூடிவிட்டது. இன்னொரு படகுக்காரர் சூசை, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"யாரு வலைப்பா இது?"

ஆட்கள் தலை குனிந்தார்கள். செங்கோல் குனியவில்லை.

"என் வலை. அறுத்து விட்டதும் நான்தான், எடுத்துட்டு வந்ததும் நான்தான்."

கித்தேரியின் கண்ணாடியை அவரிடம் நீட்டினார்.

"உன்கிட்ட எத்தனை வலை இருக்கு, சூசை?"