வெண்காலன் போட்ட இரண்டாவது முடிச்சு

ஒரு குளத்தில் வெண்காலன் என்றொரு நாரை இருந்தது. மேகங்கள் தங்கள் குளத்துக்குள்ளேயே மிதப்பதாக அங்குள்ள மீன்கள் நம்பின. நாரை அவற்றைத் திருத்தவில்லை. மேகம் பார்க்க மேலே வரும் மீனைப் பிடிப்பது சுலபம்.

குளத்துக்கு நீர் தரும் ஓடை ஒரு குன்றில் பிறந்தது. அங்கே பொன்னுச்சி என்ற தூக்கணாங்குருவி ஓயாமல் கூடு பின்னியது. அதற்குத் தேவை ஒரே ஒரு கூடுதான். மற்றவற்றை, "எடுத்துப் போங்கள், பிரித்துப் பாருங்கள், மாற்றிக் கட்டுங்கள்" என்று கிளைகளில் தொங்கவிட்டுவிடும்.

குளக்கரைச் சில்லைக் குருவிகளால் அவ்வளவு தூரம் கூடு தூக்க முடியாது. ஆகவே மழைக்காலத்துக்கு முன்பு வெண்காலன் குன்றுக்குப் பறந்து, கூடுகளைக் கவ்வி வந்து, கரையிலிருந்த கருவேல மரத்தில் கட்டித் தரும்.

முதல் ஆண்டே ஒரு குறை தெரிந்தது. குளத்துக் காற்று ஈரமானது. ஈரம் ஏறியதும் கூட்டின் கழுத்திலிருந்த முடிச்சு மெல்ல நழுவியது. வெண்காலன் யோசித்து, கோரைப்புல்லால் இரண்டாவது முடிச்சு ஒன்று போட்டது. கூடு நிலைத்தது.

"வெண்காலன் கூடு மாதிரி வருமா?" என்று சில்லைகள் பேசிக்கொண்டன. மற்றக் குளங்களுக்குப் போன பொன்னுச்சியின் கூடுகள் விழுந்தன. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் நாரையின் கழுத்து ஒரு விரற்கடை நீளும்.

மிளகி என்ற சில்லை ஒருநாள் கேட்டது: "இந்த முடிச்சைப் பத்தி மேலே பொன்னுச்சிக்கிட்ட சொன்னீங்களா அண்ணே?"

"எதுக்கு? சொன்னா எல்லாக் குளத்துக்கும் போயிடும். அப்புறம் நம்ம கூட்டுக்கு என்ன மதிப்பு?"

"சரிதான். ஆனா வருஷா வருஷம் நீங்கதானே ஒவ்வொண்ணுக்கும் முடிச்சுப் போடணும்?"

வெண்காலன் அடுத்த கூட்டுக்குத் திரும்பியது. அலகில் கோரை இருந்தது.

முதல் ஆண்டு ஒன்பது கூடுகள். ஆறாம் ஆண்டு நூற்றிருபது. மற்றப் பறவைகள் இளவெயிலில் கண்மூடிக் கனவு கண்டன. வெண்காலனும் கனவு கண்டது. அதிலும் முடிச்சுத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

ஏழாம் ஆண்டு கூடு மாறியிருந்தது. பொன்னுச்சி கழுத்துப் பின்னலை மிகவும் நெருக்கியிருந்தது. கோரை உள்ளே நுழையவில்லை. திணித்தால் நார் அறுந்தது. மூன்று கூடுகளைக் கிழித்த பிறகு வெண்காலன் அலகை மூடிக்கொண்டது.

"அண்ணே, முடிச்சுப் போடாத கூட்டுலயே நான் முட்டையிட்டுட்டேன்," என்றது மிளகி. "நாலு. கிழக்கே வானம் கறுக்குது."

வெண்காலன் குன்றுக்குப் பறந்தது. நடந்ததைச் சொன்னது.

"முடிச்சா நழுவுது?" என்றது பொன்னுச்சி. "இங்கே ஈரக்காத்தே கிடையாது. எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை வருஷமா நழுவுது?"

"ஆறு வருஷமா."

"கூடு விழுது, முட்டை உடையுதுன்னு எல்லாக் குளத்துலேருந்தும் வந்து அழுதாங்க. பின்னல்தான் கோளாறுன்னு நினைச்சு அதை நெருக்கினேன். உனக்குத் தெரிஞ்சிருந்தும் வாயைத் திறக்கலையே."

நாரை தன் கால்களைப் பார்த்துக்கொண்டது. பிறகு ஒரு கோரையை எடுத்து, முடிச்சைப் போட்டுக் காட்டியது.

பொன்னுச்சி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "நல்ல முடிச்சு. கழுத்துப் பின்னும்போதே கூடுதலா ஒரு சுத்து சுத்தினா முடிஞ்சது. கோரையே வேணாம். வா, கீழே போவோம்."

இரண்டும் இறங்கிவந்தன. பொன்னுச்சி முதலில் மிளகியின் கூட்டுக் கழுத்துப் பின்னலைத் தளர்த்தி, ஒரு சுற்று கூட்டி இறுக்கியது. பிறகு மற்றக் கூடுகளுக்குத் தாவியது. காற்று வந்தது. மரம் முழுவதும் கூடுகள் தொட்டில்களாக ஆடின. மிளகியின் நான்கு முட்டைகளும் உள்ளேயே இருந்தன.

அடுத்த ஆண்டு எல்லாக் குளங்களுக்கும் இரண்டாவது முடிச்சோடுதான் கூடு வந்தது. அதை யாரும் வெண்காலன் கூடு என்று சொல்லவில்லை. வெண்காலனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் அந்த மழைக்காலம் முழுவதும் அது முடிச்சே இல்லாத கனவுகளைக் கண்டது.

பிறர் மனமுவந்து கொடுத்ததில் ஒரு குறையைச் சரிசெய்தால், அந்த வழியைக் கொடுத்தவருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒளித்து வைப்பவர் அதே குறையை ஆயுள் முழுக்கத் தனியாகச் சரிசெய்துகொண்டிருப்பார்.