தேய்த்துக் கழுவிய பாறை

மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி ஓர் ஆய்வுக் குடில். பாலூட்டி விலங்குகளைப் படிக்க வருகிறவர்களுக்கு அங்கே குரு மங்களேஸ்வரி. வயது முப்பத்தாறு.

சிஷ்யர் தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு. கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். அலமாரியில் இருக்கும் மண்டையோடுகளை அளந்தே இருபத்தாறு வருஷத்தை ஓட்டியவர்.

ஒருநாள் காலையில், தான் கையெழுத்துப் போடவேண்டிய ஒரு படிவத்தோடு வந்தார். வாசலில் ஜீப் நின்றது.

"மேடம், ஒரு சந்தேகம். நாப்பது நாள் கேமரா வெச்சாச்சு. ஒரு நீர்நாய்கூட படத்துல விழலை. 'இந்த ஆத்துல நீர்நாய் இல்லை'ன்னு எழுதினா அது உண்மைதானே?"

"எழுதினா என்ன ஆகும்?"

"கரையில சொகுசு விடுதி கட்ட அனுமதி கிடைச்சிடும்."

"எழுதலைன்னா?"

"விடுதி முதலாளிதான் எங்க காலேஜுக்கும் முதலாளி."

"அப்ப சந்தேகம் நீர்நாய் மேலயா, சம்பளத்து மேலயா?"

சிஷ்யர் படிவத்தைச் சுருட்டிக்கொண்டார்.

"கேமரா வெச்ச இடத்தைக் காட்டுங்க."

ஆற்றோரம் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் தண்ணீரைப் பார்த்தபடி கேமரா. பக்கத்தில் ஒரு வாளியும் பிரஷும்.

"இது எதுக்கு?"

"நாத்தம் தாங்கலை மேடம். ஏதோ ஒரு தெருநாய் தினமும் கேமராவுக்குப் பின்னாடி அசிங்கம் பண்ணிட்டுப் போகுது. காலையில வந்ததும் தேச்சுக் கழுவிட்டுத்தான் மத்த வேலை."

அன்றைக்கு இன்னும் கழுவவில்லை. குரு குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் அதைக் கிளறினாள். உள்ளே மீன் செதில், நண்டு ஓடு.

"உங்க தெருநாய்க்கு தினமும் மீனும் நண்டும் யார் வாங்கிப் போடறது?"

சிஷ்யர் பாறையையே பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

"நாப்பது நாளும்... நானேவா?"

"இது என் இடம்னு நீர்நாய் வெச்சுட்டுப் போன அடையாளத்தை, சோப்புப் போட்டு அழிச்சிருக்கீங்க."

படிவத்துக்காகக் காத்திருந்த விடுதிக்காரர்களின் ஜீப் ஹாரன் அடித்தது. குரு படிவத்தை வாங்கினாள். அந்த எச்சத்தைக் குச்சியால் அதில் தள்ளி, பொட்டலமாக மடித்து நீட்டினாள்.

"கையெழுத்து கேட்டாங்கல்ல? இது நீர்நாயோட கையெழுத்து. கொண்டுபோய்க் குடுங்க."

"வேலை போயிடும், மேடம்."

"நாப்பது நாள் அதைத் துரத்தியிருக்கீங்க. இன்னிக்கும் தன் இடத்துக்கு வந்திருக்குல்ல?"