கடைசி ஓவரும் அறுபத்துமூன்றாம் பக்கமும்

“உள்தள்ளலா, வரி இடைவெளியா, அடைப்புக்குறியா? எது தப்புன்னு மட்டும் சொல்லிடுங்க டீச்சர்!”

நல்லசிவம் கிட்டத்தட்டக் கத்தினார். அறுபத்துமூன்றாம் பக்கம் நாலாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது.

பிரிசில்லா டீச்சர் தாளின் மேல் விரலை ஓட்டினார்.

“உள்தள்ளல் சரி. வரி சரி. அடைப்புக்குறியும் சரி.”

“அப்புறம்?”

“பக்கம் சரியில்லை.”

பிரிசில்லாவுக்கு வயது இருபத்தெட்டு. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அந்தப் பிரெய்ல் அச்சகத்தில் அவர் விரல் தடவிச் சரி என்று சொல்லாத எந்தப் பக்கமும் மெஷினில் ஏறாது.

நல்லசிவத்துக்கு ஐம்பத்தாறு. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அந்த வேலையை விட்டபின் பிரெய்ல் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்தவர் தன் வயதில் பாதிதான் என்பதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. இந்த நாலாவது தடவை வரைக்கும்.

ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். அவர் தனியாகப் பிரெய்லுக்கு மாற்றிய முதல் புத்தகம். இன்று நாலு மணிக்கு மெஷினில் ஏற வேண்டும். விட்டால் வேறு வேலை புகுந்துவிடும், ஒரு மாதம் போய்விடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பார்வையில்லாத பிள்ளைகள் கணக்குப் புத்தகம் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

“படத்துக்கான குறிப்பை ஏழாவது கட்டத்துல தொடங்கினேன். தொடர்ச்சியை அஞ்சாவதுல வச்சேன். நீங்க சொல்லிக்கொடுத்தபடிதான்.”

“ஆமா.”

“படத்தைப் புடைப்புக் கோட்டுல போட்டேன். கோடு மழுங்கலா இருக்கா?”

“கத்தி மாதிரி இருக்கு.”

பிரிசில்லா குறிப்பை வாய்விட்டுப் படித்தார்.

“கீழே உள்ள படத்தில் ஒரு விரிகோணம் உள்ளது. அதன் ஒரு கை தரையில் நீட்டிப் படுத்திருக்கிறது. மறு கை சோம்பல் முறிப்பதுபோலப் பின்னால் சாய்ந்திருக்கிறது.”

“எப்படி?” என்றார் நல்லசிவம். அந்தச் சோம்பலில் அவருக்குத் தனிப் பெருமை.

“அழகா எழுதியிருக்கீங்க சார்.”

“பின்ன ஏன் திருப்பி அனுப்புறீங்க? சொன்னாத்தானே திருத்த முடியும்!”

“சொன்னா இந்த ஒண்ணைத் திருத்திடுவீங்க. புத்தகத்துல இன்னும் நாப்பது படம் இருக்கே.”

மணி ஒன்று. நாலு மணிக்கு மூணு மணி நேரம்தான் இருந்தது.

பிரிசில்லா தலையைச் சாய்த்தார்.

“காலையிலேர்ந்து ஏன் சார் இவ்வளவு சத்தமா பேசுறீங்க?”

“காதுல பஞ்சு டீச்சர்.”

“சளியா?”

“அதெல்லாம் இல்லை. நேத்து ராத்திரி ஃபைனல் மேட்ச். கடைசி ஓவர், பதினோரு ரன் வேணும். பவுலர் ஓடி வர்றான், எங்க தெருவுல கரண்ட் போயிடுச்சு!”

“அய்யய்யோ.”

“இன்னைக்கு ஆறு மணிக்கு மறு ஒளிபரப்பு. அதுவரைக்கும் பேப்பர் பிரிக்கலை, போனைத் தொடலை. டீக்கடைக்காரர் வாயைத் திறந்தார், டீயை அப்படியே வச்சுட்டு ஓடி வந்துட்டேன். ஆறு பந்து டீச்சர்! ஆறு பந்தையும் நான் பார்க்கணும்!”

சொல்லும்போதே அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“பஞ்சைக் கொஞ்சம் எடுங்க சார். ஒரு விஷயம் சொல்லணும்.”

உலகத்தில் யார் கேட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டார். டீச்சர் கேட்டார், எடுத்தார்.

“மூணு ரன்ல தோத்துட்டோம்.”

நல்லசிவம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“என்ன டீச்சர் இது! நியாயமா? நேத்துலேர்ந்து பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். உங்களை யாராவது கேட்டாங்களா? நானே பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதை நீங்க எதுக்கு முன்னாடியே...”

நின்றார்.

பிரிசில்லா அறுபத்துமூன்றாம் பக்கத்தை அவர் பக்கமாகத் தள்ளினார். அவருடைய விரல் படத்துக்குக் கீழே, கடைசி வரியில் இருந்தது.

நல்லசிவம் குனிந்து அந்த வரியைப் படித்தார். அவர் கையால் அடித்த வரிதான்.

“மேலே உள்ள கோணம் எந்த வகை? கண்டுபிடி.”

நல்லசிவம் தலையில் அடித்துக்கொண்டார். பலமாகவே அடித்துக்கொண்டார். அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது.

“நாப்பது படம்!” என்று கூவினார். “மணி என்ன ஆச்சு?”

பிறகு அவர் யாரோடும் பேசவில்லை. விழுந்த நாற்காலியைக்கூட எடுக்காமல் நின்றபடியே வேலை பார்த்தார். அறுபத்துமூன்றில் ‘விரி’யும் சோம்பல் முறித்த கையும் போய், ‘கீழே ஒரு கோணம் உள்ளது’ என்று மட்டும் நின்றது. எழுபதாம் பக்கத்தில் ‘சமபக்க முக்கோணம்’ வெறும் முக்கோணமானது. எண்பத்திரண்டில் உருவங்களைப் பற்றிப் பந்து மாதிரி, டப்பா மாதிரி என்று பாசமாக எழுதிவைத்த ஆறு வரிகளையும் எடுத்தெறிந்தார். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் “சண்டாளா, இதையுமா சொல்லித் தொலைச்ச?” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

நாலடிக்கப் பத்து நிமிஷம். தாள்களை மேஜையில் வைத்தார்.

பிரிசில்லா நாற்பதையும் வேகமாகத் தடவினார். கடைசியாக அறுபத்துமூன்றை எடுத்தார். குறிப்பைக் கடந்தார். விரல் ஒரு கோட்டில் ஏறி ஓடியது, முனையில் திரும்பியது, மறு கோட்டில் போனது. போய்க்கொண்டே இருந்தது.

“விரிகோணம்!” என்று மேஜையைத் தட்டினார்.

அதே கோணத்தை அன்று அவர் நாலு தடவை தடவியிருந்தார். ஆனாலும் முகம் முழுக்கச் சிரிப்பு. ஜூனில் எத்தனை விரல்கள் இப்படித் திரும்பும் என்று நினைத்தபோது நல்லசிவத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“மெஷினுக்குக் கொடுங்க” என்றார் பிரிசில்லா.

உள்ளே மெஷின் தடதடவென்று தொடங்கியது. நல்லசிவம் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

“டீச்சர், மூணு ரன்லயா தோத்தோம்? கடைசிப் பந்து வரைக்கும் போச்சா?”

“எனக்கு என்ன சார் தெரியும்? நான் நேத்து ஒன்பது மணிக்கே தூங்கிட்டேன்.”



நல்லசிவம் மேஜைக்கு அடியில் குனிந்து, கிடந்த பஞ்சைத் தேடி எடுத்தார். இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.