காயாத கண்மாய்

புளிச்சிப்பட்டிக்காரர்களைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். தொல்லையே அதுதான்.

அந்த ஊர் மொக்கையனுக்கு உயிரே அவனுடைய எருமைதான். பேரு வெள்ளையம்மா. டவுனிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து மேயுற ஆடு, வைக்கோல் படப்பு, வேப்பமரம், தண்ணிக்குள் கிடந்த வெள்ளையம்மா எல்லாவற்றையும் தண்ணீர்ச் சாயத்தில் வரைந்தார். வரைந்ததை மொக்கையனுக்கே கொடுத்தும் விட்டார், நல்ல மனுசன்.

"முழுசா காயுற வரைக்கும் வெயில்லயே இருக்கட்டும், எடுத்துராதீங்க. தண்ணி படாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

படத்தைக் கயிற்றுக்கட்டிலில் கிடத்திய மொக்கையனுக்குப் பகீரென்றது. வெள்ளையம்மாவுக்குத் தலை மட்டும்தான் இருந்தது.

"உடம்பு தண்ணிக்குள்ள கிடக்குடா" என்றான் கூட்டாளி ஒச்சு. "கண்மாய் காயட்டும், தன்னால தெரியும்."

மூணு நாள் காவல் இருந்தார்கள். தாள் அப்பளமாக மொறுமொறுத்துப் போச்சு. மொக்கையன் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"மரம் காஞ்சிருச்சு, படப்பு காஞ்சிருச்சு. கண்மாய்ல மட்டும் தண்ணி அப்படியே கிடக்கே?"

"பெரிய கண்மாயாச்சே" என்றான் ஒச்சு. "ஒரு மாசமாவது வேணாமா?"

நாலாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

"தண்ணி படக்கூடாதுன்னாரே, எடுத்துருவமா?" என்றான் மொக்கையன்.

"காயுறதுக்கு முந்தி எடுக்காதேன்னும் சொன்னாரே."

"எதை முதல்ல சொன்னாரு?"

"எடுக்காதேன்னுதான்."

"அப்ப அதைத்தான் முதல்ல கேக்கணும்."

மழையில் நின்றபடியே கேட்டார்கள். மரம் படப்புக்குள் கரைந்தது, ஆடு மரத்துக்குள் கரைந்தது, நீலம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கி ஓடியது. மிச்சம் வெறும் தாள்.

"போச்சு. கரை உடைஞ்சிருச்சு" என்றான் ஒச்சு.

மொக்கையன் ஓடைப்பக்கம் ஓடி, முழங்கால் தண்ணியில் இறங்கி வெள்ளையம்மாவைத் துழாவித் துழாவி அழுதான். ஒன்றும் அகப்படவில்லை. ஒச்சுவோடு சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தால், தொழுவத்தில் வெள்ளையம்மா நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"தாயி, நீந்தி வந்துட்டியா" என்று கட்டிப்பிடிக்கப் போனவன், முதுகில் கை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துவிட்டான்.

"ஒச்சு, இங்க தொட்டுப் பாரு."

ஒச்சு முதுகு, வயிறு, வால் எல்லாம் தடவிப் பார்த்தான். "ஒரு பொட்டு ஈரமில்ல. கண்மாய் உடைஞ்சு வந்த எருமை இப்படியா இருக்கும்? இது வேற யாருதோ."

மொக்கையன் பெண்டாட்டி பேச்சியம்மா பால் செம்போடு வந்தாள். "தள்ளுங்க, கறக்க நேரமாச்சு."

"தொடாத. அடுத்தவன் எருமை. அவன் வந்து ஓட்டிட்டுப் போகட்டும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கடுங்காப்பிதான். மடி கனத்துப்போய் எருமை கத்தும்போதெல்லாம் மொக்கையன் டம்ளரும் கையுமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்லுவான்:

"அழாத தாயி. இம்புட்டு நல்ல எருமையைத் தொலைச்சிட்டு இன்னும் தேடி வராம இருக்கானே, உன்னை வச்சிருந்தவன் எப்பேர்ப்பட்ட மடையனா இருப்பான்."