எல் போர்டு

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. சொன்னவள் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம், பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடல்மேல் ஓடக் கற்றுத்தரும் பள்ளியில் பலகை கழுவுகிறவள்.

பள்ளி முதலாளி ராஜபூபதி பத்து நாளாகப் பலகை ஓட்டப் பழகினார். வீரர்கள் ஓட்டும் குறுகலான பலகைதான் வேண்டும் என்பார். அது அமிழும், அவரும் அமிழ்வார். பதினோராம் நாள் சென்னையிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள்.

"ஏ ஜெசிந்தா, நான் விழாத பலகையா எடு. விழுந்தா ஒனக்கு வேலை போச்சு. கத்துக்குட்டிப் பலகையைத் தந்தாலும் போச்சு."

காற்று ஏறிக்கொண்டே இருந்தது. அகலமான, தட்டையான பலகை ஒன்றை அவள் இழுத்து வந்தாள். அதன் அடியில் சிவப்பாக 'எல்' என்ற இங்கிலீஷ் எழுத்து.

"இது என்னட்டி எல்லு?"

"லார்ஜ், மொதலாளி. பெரிய மனுசருக்குப் பெரிய பலகை."

அகலப் பலகை பட்டத்தின் லேசான இழுப்புக்கே அவரைத் தாங்கி எழுந்தது. விழாமல் போய்த் திரும்பியவர், பெருமை தாங்காமல் பலகையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"அட, எல் போர்டு! இன்னும் லைசென்ஸ் வாங்கலையா சார்?" என்றாள் ஒரு விருந்தாளி. கரையே சிரித்தது.

முதலாளி முறைத்தார்.

"விழலியே, மொதலாளி" என்றாள் ஜெசிந்தா. விருந்தாளிகள் முன்னால் அதை மறுக்க முடியாமல் அவர் நகர்ந்தார்; வேலை தப்பியது.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. போன மாதம் அவளிடம் கேட்டே விட்டேன்:

"தினம் கார் ஓட்டுற மனுஷனுக்கு எல் போர்டு தெரியாதா, ஜெசிந்தா? இல்ல, விழுற பயத்துல தெரியாத மாதிரி வாங்கிக்கிட்டாரா?"