உள்ளே போக மறுத்த நீர்க்கோழி

காட்டோரக் குளம் ஒன்றில் செம்மூக்கி என்ற நீர்க்கோழி வசித்தாள். கோரைப் புதருக்குள் அவளுடைய வீட்டாரின் கூடு இருந்தது. அப்பா, அம்மா, ஐந்து குஞ்சுகள், செம்மூக்கி என்று எட்டுப் பேர் அதில் இருந்தார்கள்.

குளக்கரையில் ஓடு வேய்ந்த சிறிய தேவாலயம் ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் உபதேசியார் அங்கே இயேசு சொன்ன உவமை ஒன்றை எடுத்து விளக்குவார். புழுக்கத்துக்காக ஜன்னல்களைத் திறந்தே வைத்திருப்பார்கள். அதனால் குளத்து உயிர்களும் கதை கேட்டன.

ஆராதனை முடிந்து மனிதர்கள் போனதும் மருத மரத்தடியில் கூட்டம் கூடும். மைனா கதையை ஒரு சொல் விடாமல் ஒப்பிக்கும். உபதேசியார் தொண்டையைச் செருமிய இடத்தில் தானும் செருமும்! பிறகு, கதையில் வருகிறவர்கள் குளத்தில் யார் யார் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அது அவர்கள் வழக்கம்.

விதைக்கிறவன் கதை வந்த வாரம் மைனா கேட்டது. "விதை முளைத்து உடனே காய்ந்துபோன பாறை நிலம் யார்?"

"தவளைதான்!" என்றது காகம். "மழை பெய்தால் விடிய விடியத் துதி பாடுகிறான். வெயில் அடித்தால் ஆளையே காணோம்!"

எண்ணெய் இல்லாமல் தூங்கிப்போன கன்னிகைகள் கதை வந்த வாரம் தவளை முந்திக்கொண்டது. "ஆந்தை! அதைவிட்டால் வேறு யார்? நட்ட நடுப்பகலில் குறட்டை விடுகிறதே!"

தன் பெயர் வராதவர்கள் எல்லாரும் சந்தோஷமாக வீடு திரும்புவார்கள்.

அந்த ஞாயிறு இரண்டு பிள்ளைகளின் கதை வந்தது. மைனா ஆரம்பித்தது. "ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு தூர தேசம் போனான். எல்லாவற்றையும் தொலைத்தான். பன்றிகளுக்குப் போடுவதையாவது தின்னலாமா என்று ஏங்கினான்..."

"நீள்காலி!" என்று காகம் கத்தியது. "நம்ம செம்மூக்கியின் தங்கை நீள்காலி!"

"அவளேதான்! அவளேதான்!" என்று மரத்தடியே அதிர்ந்தது.

"பன்றிகளோடு தின்றால் அவ்வளவு கேவலமா?" என்று காட்டுப்பன்றி முணுமுணுத்தது.

மைனா மிச்சக் கதையையும் சொன்னது. அந்தக் கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. செம்மூக்கி காதிலும் விழவில்லை. அவளுக்கு மனம் குளிர்ந்திருந்தது. நடந்தது என்னவென்று இன்று ஊருக்கே புரிந்துவிட்டதே!

நடந்தது இதுதான். போன கோடையில் அம்மா ஏழு குஞ்சுகள் பொரித்தாள். நீர்க்கோழி வீட்டில் மூத்த பிள்ளைகள்தான் இளைய குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவார்கள். குளம் வற்றி இரை குறைந்த சமயம் அது. நீள்காலி சேற்றைப் பார்த்தாள். வானத்தில் போன வாத்துக் கூட்டத்தைப் பார்த்தாள். "நான் பெரிய ஏரிக்குப் போகிறேன்" என்று பறந்துவிட்டாள். செம்மூக்கி தனியாக ஏழு வாய்க்கு ஊட்டினாள். அவள் நத்தை தேடிப் போயிருந்த ஒரு மதியம் பருந்து இறங்கி இரண்டு குஞ்சுகளைத் தூக்கிப் போய்விட்டது.

அதை அவள் யாரிடமும் பேசியதில்லை. மறந்ததும் இல்லை.

புதன்கிழமை விடிந்ததும் மழை பிடித்தது. அந்த மழையில் ஒருத்தி கரையோரமாக நடந்து வந்தாள். ஓர் இறக்கை தரையில் இழுபட்டது. மீன் வலையில் சிக்கி முறிந்த இறக்கை.

முதலில் பார்த்தது அப்பாதான். அல்லி இலைகள் மேல் தடதடவென்று ஓடினார். இந்த வயதில் இப்படி ஓடலாமா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. "நீள்காலி! என் கண்ணே! வந்துவிட்டாயா!"

அம்மா அவளைக் கூட்டின் நடுவில் உட்காரவைத்தாள். குஞ்சுகள் அவளைச் சுற்றிக் கும்மாளம் போட்டன.

செம்மூக்கி அலகில் நத்தையோடு திரும்பி வந்தாள். அப்பா ஓடியதைத் தூரத்திலிருந்தே பார்த்திருந்தாள். இப்போது சத்தத்தையும் கேட்டாள். தண்ணீருக்கு நடுவில் நின்ற பட்ட மரக்கட்டை மேல் ஏறி, நத்தையைக் காலால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

மழை வலுத்தது. குளம் ஏறத் தொடங்கியது. தண்ணீர் ஏறும்போது நீர்க்கோழிகள் கூட்டுக்கு அடியில் கோரையைச் சொருகிச் சொருகி அதை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கூடு முழுகிவிடும். அந்த வீட்டில் கோரையை இறுக்கிச் சொருகத் தெரிந்தவள் செம்மூக்கிதான். அம்மாவுக்கு அலகில் பலம் போய்விட்டது. குஞ்சுகள் நீந்தித் தப்பலாம். முறிந்த இறக்கையோடு வந்தவளால் அந்த வெள்ளத்தில் நீந்த முடியாது.

அப்பா நனைந்துகொண்டே கட்டையருகே வந்தார். "உள்ளே வாம்மா."

"உங்கள் மகள் வந்திருக்கிறாளே, அவள் சொருகட்டும்!"

"அவளால் முடியாது, செம்மூக்கி."

"என்னால் மட்டும் முடிந்ததா? ஏழு வாய்க்கு ஒற்றை ஆளாக ஊட்டினேனே! எனக்காக நீங்கள் என்றைக்காவது இப்படி ஓடி வந்தீர்களா?"

அப்பா கட்டையை ஒட்டி நெருங்கினார். பிறகு சொன்னார். "நீ எப்போதும் என் பக்கத்திலேயே இருந்தாய். ஓடி வர உனக்கும் எனக்கும் நடுவில் தூரமே இல்லையே, அம்மா. என்னிடம் இருப்பது எல்லாம் உன்னுடையதுதான். வா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா ஒரு கோரையைக் கவ்விக்கொண்டு திரும்பிப் போனார். அவர் சொருகிய கோரை உடனே நழுவி மிதந்து வந்தது.

மைனா மழைக்கு ஒதுங்கி, கட்டைக்கு மேலே நீண்டிருந்த மருத மரக் கிளையில் உட்கார்ந்திருந்தது. செம்மூக்கி அண்ணாந்து பார்த்தாள்.

"மைனாவே, ஞாயிற்றுக்கிழமைக் கதையை இன்னொரு தடவை சொல். அந்த இளையவன் எப்படித் தண்டனை பெற்றான் என்று கேட்க வேண்டும்."

"தண்டனையா? அப்படி ஒன்றும் வரவில்லையே!" மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது. "இளையவன் திரும்பி வந்தான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். விருந்து வைத்தார். வயலிலிருந்து வந்த மூத்தவன் பாட்டுச் சத்தம் கேட்டான். கோபம் வந்துவிட்டது. உள்ளே போக மாட்டேன் என்று வெளியே நின்றான். தகப்பன் வெளியே வந்து கெஞ்சினார். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'இத்தனை வருஷம் நான் உழைத்தேனே! எனக்கு என்ன செய்தீர்? உம்முடைய இந்தப் பிள்ளை வந்ததும் விருந்து வைக்கிறீர்!' அவன் வாயில் 'என் தம்பி' என்ற சொல்லே வரவில்லை."

செம்மூக்கியின் காலிலிருந்து நத்தை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்றுமில்லை. கதை முடிந்தது."

"முடிந்ததா? அந்த மூத்தவன் உள்ளே போனானா, இல்லையா?"

"அது கதையில் இல்லை."

"நீ மறந்திருப்பாய்!"

"நானா? மறப்பதா?" மைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உபதேசியாரின் இருமலைக்கூட நான் மறந்ததில்லை! தகப்பன் வெளியே நின்று கூப்பிடுகிறார். மூத்தவன் நிற்கிறான். அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்."

செம்மூக்கி அசையாமல் நின்றாள். மழை அவள் முதுகில் அடித்தது. இந்தக் கதையில் தனக்கு இடம் இருக்கும் என்று ஞாயிறன்று அவள் நினைக்கவே இல்லை. இப்போது பார்த்தால் கதை அவள் காலடியில் வந்து நின்றுகொண்டிருந்தது. தகப்பன் கூப்பிட்டாயிற்று. மிச்சம் யார் கையில் இருக்கிறது?

அவளுடைய கோபம் தீர்ந்துவிடவில்லை. பருந்தின் நிழல் இன்னும் நெஞ்சில் இருந்தது. அந்த நெஞ்சோடுதான் அவள் கட்டையிலிருந்து குதித்தாள். கனமான கோரை ஒன்றை வேரோடு பிடுங்கினாள்.

"யாருக்கு அது?" என்று மைனா கத்தியது.

"என் தங்கைக்கு!"

அவள் உள்ளே நுழைந்ததும் குஞ்சுகள் ஒதுங்கி வழிவிட்டன. நீள்காலி தலையைத் தூக்கவில்லை. மெல்லிய குரலில் கேட்டாள். "அக்கா... ஏழு பேர் இருந்தார்களே. மற்ற இரண்டு பேர் எங்கே?"

செம்மூக்கி கோரையைக் கீழே வைத்தாள். "பருந்து கொண்டுபோய்விட்டது."

நீள்காலி விம்மினாள். "நான் இருந்திருந்தால்..."

"ஆமாம். நீ இருந்திருக்க வேண்டும்." செம்மூக்கி அதை மென்று விழுங்காமல் சொன்னாள். பிறகு குனிந்து தங்கையின் நல்ல இறக்கையை அலகால் தொட்டாள். "இப்போது இருக்கிறாய் அல்லவா? காலை நகர்த்து. அதற்கு அடியில்தான் முதல் கோரையைச் சொருக வேண்டும்."

அன்று மாலைவரை குளம் ஏறிக்கொண்டே இருந்தது. கூடும் ஏறிக்கொண்டே இருந்தது. செம்மூக்கி மூழ்கி மூழ்கிக் கோரை கொண்டுவந்தாள், அப்பா பிடித்துக்கொண்டார், பறக்க முடியாத நீள்காலி ஒவ்வொரு கோரையின் நுனியையும் காலால் மிதித்து நழுவாமல் நிறுத்தினாள். வெளிச்சம் குறையும் நேரத்தில் மழை விட்டது. கட்டை மூழ்கிப்போய்விட்டது. கூட்டில் ஒன்பது பேரும் ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

உவமையில் அடுத்தவரைத் தேடுகிறவர் கதை கேட்டதோடு நின்றுவிடுகிறார். தன்னைத் தேடுகிறவரே தேவனுக்குள் வளர்கிறார்.